நீண்ட இனமா, கேட்ட இனமா?

நமது சங்கத்தின் சீட்டாட்டப் பிரிவு வரும் கோடை விடுமுறையில் பிரிட்ஜ் வகுப்பு நடத்தப்போகிறது. பள்ளிப் பிள்ளைகளும் வரலாம், ஓய்வு பெற்று வீட்டில் தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களும் வரலாம். நல்ல காரியம். அதற்காக 'பத்துப் பொன்விதிகள்' என்று ஒரு பக்கத் தாள் தயாராகி, மெய்ப்புத் திருத்துவதற்காக என்னிடம் வந்தது. ஒற்றுப் பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தவன் நான்காவது விதியில் நின்றுவிட்டேன்.

'எதிர்த்து ஆடும்போது, உன் கையில் மிக நீளமான இனத்தின் நான்காவது பெரிய சீட்டை முதலில் இறக்கு.'

இதில் திருத்துவதற்கு எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆனால் விதியே பிழை. பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பினேன். செயலாளர் நண்பருக்குக் கோபம். "உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிற விதி சார் இது, நீங்க யாரு அடிக்கிறதுக்கு?" என்று தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்ல ஆசிரியர் இடம் கொடுத்திருக்கிறார்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. முதலில் ஏலம். 'இத்தனை பிடி எடுப்போம், இந்த இனம் துருப்பு' என்றோ, 'துருப்பே வேண்டாம்', அதாவது நோ டிரம்ப் என்றோ ஏற்றிக்கொண்டே போவார்கள். நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டால் ஒரு பிடி. மொத்தம் 13 பிடி. ஏலத்தை எடுத்தவர் ஆட, அவருடைய ஜோடி தன் சீட்டுகளை மேஜைமேல் விரித்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். அந்தக் கைக்கு டம்மி என்று பெயர். ஆனால் டம்மி விரிவதற்கு முன்பே, ஏலம் எடுத்தவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதல் சீட்டை இறக்கியாக வேண்டும். அடுத்த சீட்டிலிருந்து எல்லோருக்கும் தன் கையும் டம்மியும் சேர்த்து 26 சீட்டு கண்ணுக்குத் தெரியும். முதல் சீட்டு இறக்குகிறவருக்கு மட்டும் தன் பதின்மூன்றுதான். பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களின் தலையெழுத்து அந்த ஒரு சீட்டில்தான் இருக்கிறது என்பது நாற்பது வருடம் இந்த மேஜையில் உட்கார்ந்தவனின் எண்ணம்.

இனங்களின் பெயரை நம் ஊர்த் திண்ணையில் சொல்வதுபோல ஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்றே எழுதுகிறேன். போட்டி மேஜையில் ஹார்ட், கிளப் என்பார்கள். எனக்கு ஆட்டின்தான் வாயில் வருகிறது.

சரி, நான்காவது விதி எங்கிருந்து வந்தது? விஸ்ட் என்ற பழைய ஆங்கில ஆட்டத்திலிருந்து. பிரிட்ஜுக்குத் தாத்தா அது. விஸ்டில் ஏலம் கிடையாது. சீட்டுப் பங்கிடுகிறவர் தனக்கு வரும் கடைசிச் சீட்டைத் திருப்பிக் காட்டுவார். அது எந்த இனமோ அதுதான் துருப்பு. டம்மியும் கிடையாது. ஆகையால் முதல் சீட்டு இறக்குகிறவருக்கு மற்ற மூன்று கைகளைப் பற்றி ஒரு சொல்கூடத் தெரிய வழியில்லை. ஒன்றும் தெரியாதவன் தன் கையில் நீளமாக இருப்பதை இறக்குவதைத் தவிர வேறு என்ன செய்வான்? அந்த ஆட்டத்துக்கு அது நல்ல விதிதான்.

நான்காவது பெரிய சீட்டு என்பதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. அந்தக் காலத்து விஸ்ட் ஆசிரியர்களில் ஒருவரான ஆர்.எஃப். ஃபாஸ்டர் பெயரால் வழங்கும் 'பதினொன்று விதி' இதை ஒட்டியது. உங்கள் ஜோடி ஏழை இறக்குகிறார் என்று வையுங்கள். பதினொன்றில் ஏழு போனால் நாலு. அந்த இனத்தில் ஏழைவிடப் பெரிய சீட்டுகள் மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து நாலுதான். டம்மியில் இரண்டு, உங்களிடம் இரண்டு தெரிந்தால், ஏலம் எடுத்தவரிடம் ஏழை வெட்டும் சீட்டு ஒன்றுகூட இல்லை. கூட்டல் கழித்தல் தெரிந்த குழந்தை போடக்கூடிய கணக்கு. இதை நான் அடிக்கவில்லை, வகுப்பில் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆனால் கவனியுங்கள். இந்தக் கணக்கு சொல்வது, ஓர் இனத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அதில் எந்தச் சீட்டை இறக்குவது என்பதை. எந்த இனத்தை இறக்குவது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒட்டிவைத்ததுதான் வினை. சீட்டுக்குச் சொன்ன நல்ல பதிலின் தோளில் ஏறிக்கொண்டு, இனத்துக்குச் சொன்ன பழைய பதிலும் நூறு வருடமாகச் சவாரி செய்கிறது. 1925இல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர் ஒரு கப்பல் பயணத்தில் இன்றைய பிரிட்ஜின் கணக்கு முறையை வகுத்தார். அதற்கும் முன்பே ஏலம் வந்துவிட்டது. ஏலம் வந்த அன்றே, முதல் சீட்டு இறக்குகிறவன் ஒன்றும் தெரியாதவன் என்ற நிலை போய்விட்டது. மூன்று பேர் அவன் காதுபடப் பேசியிருக்கிறார்கள். ஏலமே இல்லாத ஆட்டத்தின் விதியை ஏலம் உள்ள ஆட்டத்தில் வைத்துக்கொண்டு, கேட்டதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டுத் தன் கையை மட்டும் பார்த்து இறக்குவானேன்?

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உதைபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1996ஆம் வருடம். ஊர் பெயர் அப்போது கல்கத்தாதான். அலுவலக மன்றங்களுக்கு இடையே ஒரு போட்டி. என் ஜோடி ஒரு திருநெல்வேலிக்காரர்; கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல் சீட்டு இறக்குகிற முறை அவருக்கு வந்தால், கையிலிருக்கும் சீட்டுகளைக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு, "ஏலத்தை ஒரு தரம் மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்பார். எதிர் ஜோடிக்கு எரிச்சல் வரும். 'இப்போதுதானே கேட்டது?' என்று வங்காளியில் முணுமுணுப்பார்கள். அண்ணாச்சி அசைய மாட்டார். எனக்கே சங்கடமாக இருக்கும். பிறகுதான் தெரிந்தது, பிரிட்ஜ் சட்டமே அந்த உரிமையைத் தந்திருக்கிறது என்று. முதல் சீட்டைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும், அது திரும்புவதற்குள் ஏலத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம் என்பதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் எழுதினவர்களுக்கு முதல் சீட்டின் அருமை தெரிந்திருக்கிறது.

கடைசிச் சுற்றின் கடைசி ஆட்டம். என் வலப்பக்கத்தில் இருந்தவர் 'ஒரு நோ டிரம்ப்' என்றார். நான் பாஸ். அவர் ஜோடி நேரே 'மூன்று நோ டிரம்ப்'. அவ்வளவுதான் ஏலம். ஒன்பது பிடி எடுக்க வேண்டும். ஐந்து பிடி நாங்கள் எடுத்துவிட்டால் அவர்கள் காலி. என் கை இது:

ஸ்பேட்: பத்து, ஒன்பது, ஐந்து
ஆட்டின்: எட்டு, நாலு, இரண்டு
டைமன்: ராணி, ஏழு, ஆறு, நாலு, மூன்று
கிளாவர்: ஆறு, இரண்டு

வாசகர்களில் ஆடத் தெரிந்தவர்கள் மேலே படிக்காமல் ஒரு நிமிடம் யோசிக்கலாம். நான் யோசிக்கவில்லை. நீளமான இனம் டைமன், நான்காவது சீட்டு நாலு. டைமன் நாலை இறக்கினேன்.

டம்மி விரிந்தது. ஸ்பேடில் ஜாக்கி, இரண்டு. ஆட்டினில் ஜாக்கி, ஏழு, மூன்று. டைமனில் ஏஸ், எட்டு, ஐந்து. கிளாவரில் ராஜா, ஜாக்கி, பத்து, ஒன்பது, எட்டு. அண்ணாச்சி டைமனில் ஒன்பதைப் போட, ஏலம் எடுத்தவர் பத்தைப் போட்டு எடுத்தார். அவரிடம் ராஜாவும் ஜாக்கியும் இருந்தன. என் ராணியை நானே கொண்டுபோய் மாட்டிவிட்டு மூன்று டைமன் பிடி தானம் செய்துவிட்டேன். அவர் நேரே கிளாவருக்குப் போனார். அண்ணாச்சி ஏஸில் ஏறி, ஸ்பேட் ஏஸையும் ராணியையும் அடித்துப் பார்த்தார். ராணியை ராஜா எடுத்துக்கொண்டது. அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. டைமன் மூன்று, கிளாவர் நாலு, ஸ்பேட் ஒன்று, ஆட்டின் ஏஸ். ஒன்பது பிடி, எண்ணினாற்போல. கோப்பையும் போயிற்று.

அண்ணாச்சியின் கை பிறகு தெரிந்தது: ஸ்பேடில் ஏஸ், ராணி, எட்டு, ஏழு, மூன்று, ஆட்டினில் ராஜா, ஒன்பது, ஐந்து, டைமன் ஒன்பது, இரண்டு, கிளாவர் ஏஸ், ஏழு, நாலு. நான் ஸ்பேட் பத்தை இறக்கியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். எதிராளியிடம் ராஜா, ஆறு, நாலு. டம்மியில் ஜாக்கி, இரண்டு. டம்மியில் ஜாக்கியைப் போட்டால் அண்ணாச்சி ராணி. ராஜாவை உடனே எடுத்தாலும் சரி, விட்டுப் பிடித்தாலும் சரி, அவர்களுக்கு ஸ்பேடில் ஒரே பிடி. எங்களுக்கு நாலு. கிளாவர் ஏஸ் ஐந்தாவது. கிளாவரைத் தொடாமல் அவர்கள் எவ்வளவு முட்டி மோதினாலும் ஆட்டினில் நாலு, டைமனில் மூன்று, ஸ்பேடில் ஒன்று என்று எட்டில் நின்றுவிடும். வீட்டுக்குப் போய் இரவு ஒரு மணி வரை சீட்டுகளைப் பரப்பிப் பார்த்தேன். எட்டுதான்.

அண்ணாச்சி திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, டைமன் எழும்பிட்டுன்னே வச்சுக்கிடுவோம். அதை ஆட நீங்க எதுல ஏறி வருவிய?"

சுற்றிலும் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "விதிப்படிதான் இறக்கினேன். வேற என்ன இருந்தது என் கையில?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு இரண்டு வருடம் நாங்கள் சேர்ந்து ஆடவில்லை. அவர் என்மேல் கோபமாக இருந்ததாக நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அவருக்குக் கோபமே இல்லை. எனக்குத்தான்.

அந்தக் கேள்வியில் எல்லாம் இருக்கிறது. என் கையில் இருந்த மொத்த பலம் ஒரு ராணி. பிரிட்ஜில் ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என்று புள்ளி. கட்டில் மொத்தம் 40. 'ஒரு நோ டிரம்ப்' என்றவரிடம் 15 முதல் 17. மூன்றுக்குத் தூக்கினவரிடம் பத்துக்குக் குறையாது. என்னிடம் இரண்டு. மிச்சம் பன்னிரண்டு, பதின்மூன்று புள்ளி அண்ணாச்சியிடம்தான் இருக்க வேண்டும். நாங்கள் பிடி எடுப்பதாக இருந்தால் அவர் கைதான் எடுக்கும், என் கை எடுக்காது. டைமன் நீளம்தான். ஆனால் அதை எழுப்பினாலும் திரும்பி வர என்னிடம் ஒரு ஏஸ் இல்லை, ராஜா இல்லை. நெல் காய்ந்திருக்கும், அறுக்கப் போக வரப்பு இருக்காது.

அப்படியானால் அண்ணாச்சியின் நீண்ட இனம் எது? அவர் வாயே திறக்கவில்லையே? இங்கேதான் ஏலத்தில் சொல்லாமல் விட்ட சொல் பேசுகிறது. ஸ்டேமன் என்று ஒரு வழக்கம் உண்டு. (கண்டுபிடித்தவர் ஜார்ஜ் ரப்பே, பத்திரிகையில் எழுதினவர் சாமுவேல் ஸ்டேமன். எழுதினவர் பெயர் நின்றுவிட்டது. சங்கப் பத்திரிகைக்குக் கட்டுரை தராமல் தட்டிக் கழிப்பவர்கள் கவனிக்கவும்.) ஜோடி 'ஒரு நோ டிரம்ப்' என்றதும், தன்னிடம் ஸ்பேடோ ஆட்டினோ நாலு சீட்டு இருந்தால், 'இரண்டு கிளாவர்' என்று சொல்லி 'உன்னிடமும் நாலு உண்டா?' என்று கேட்பார்கள். அன்று அவர் கேட்கவில்லை. நேரே மூன்றுக்குப் போய்விட்டார். அநேகமாக டம்மியில் ஸ்பேடும் ஆட்டினும் குறைவு. அப்படியென்றால் அவை அண்ணாச்சியிடம் நீளமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டில் எது? எனக்கு ஆட்டினில் எட்டு, நாலு, இரண்டு; ஒன்றுக்கும் உதவாது. ஸ்பேடில் பத்து, ஒன்பது. ஜோடியின் கைக்கு முட்டுக்கொடுக்கும். ஆக, ஸ்பேட் பத்து. இதற்கு மேதாவித்தனம் வேண்டாம், எதிராளி பேசிய இரண்டே வாக்கியத்தைக் கேட்டிருந்தால் போதும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஐந்து சீட்டு வரிசையாகக் கையில் இருந்தால் அதன்மேல் ஒரு வாஞ்சை வந்துவிடுகிறது. ஜோடி ஏலத்தில் வாயைத் திறந்து 'ஆட்டின்' என்று சொன்ன பிறகும், தன் கிளாவரில் ராஜாவும் ஜாக்கியும் இருக்கிறதே என்று அதை இறக்குகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். ஜோடி ஆட்டின் சொன்னது ஊருக்கு விளம்பரம் கொடுக்கவா? 'இறக்கினால் இதை இறக்கு' என்று கேட்டதுதான் அது. அதை மறுக்க வலுவான காரணம் வேண்டும். இருக்கவும் இருக்கலாம், என் கையிலேயே ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது என்று வரிசையும், வெளியே ஒரு ஏஸும் இருந்தால் என் வழி எனக்கு. அப்போதுகூட அது நீளமாக இருப்பதால் அல்ல. எழுப்பவும் முடியும், ஏறி வரவும் முடியும் என்பதால்.

துருப்பு உள்ள ஆட்டத்தில் இந்த நான்காவது விதி இன்னும் மோசம். அங்கே நீண்ட இனத்தை எழுப்பி என்ன பயன்? மூன்றாவது சுற்றில் துருப்பால் வெட்டிவிடுவார்கள். அங்கே ஏலம் சொல்லும் சேதி வேறு மாதிரி. ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். எதிராளி 'ஒரு ஸ்பேட்' என்கிறார், ஜோடி 'ஒரு நோ டிரம்ப்', அவர் 'இரண்டு ஆட்டின்', ஜோடி பாஸ். ஆட்டின் துருப்பு. உங்கள் கையில் ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, பத்து, எட்டு. டம்மிக்கு ஸ்பேட் பிடிக்கவில்லை, அதனால்தான் ஆட்டினில் நின்றுவிட்டது. அதாவது டம்மியில் ஸ்பேட் ஒன்றோ இரண்டோதான். ஏலம் எடுத்தவர் தன் மட்ட ஸ்பேடுகளை டம்மியின் துருப்பால் வெட்டப்போகிறார். அவர் என்ன செய்யப்போகிறார் என்பதை அவரே உங்களுக்குச் சொல்லிவிட்டார். துருப்பையே இறக்குங்கள். டம்மியின் துருப்பு குறையக் குறைய உங்கள் ஸ்பேடுகளுக்கு உயிர் வரும். 'துருப்பை இறக்குவது எதிராளிக்கு வேலை செய்து கொடுப்பது' என்று நினைப்பவர்கள் இந்த ஒரு ஆட்டத்தை ஆடிப் பார்க்கட்டும்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கத்தையும் பார்க்கிறேன். நாமெல்லாம் பெரும்பாலும் இருபத்தெட்டு ஆடி வந்தவர்கள். வங்காளிகள் இருபத்தொன்பது ஆடி வந்தவர்கள். ஆட்டம் ஒன்றுதான், கடைசிப் பிடிக்கு ஒரு புள்ளி கூடுதல். இரண்டிலும் ஜாக்கிதான் ராஜா, மூன்று புள்ளி. ஜாக்கி வந்தால் அடித்து எடுத்துக்கொண்டுவிட வேண்டும் என்று கை துடிக்கும். அந்தக் கை பிரிட்ஜுக்கு வந்ததும் ஏஸைப் பார்த்துத் துடிக்கிறது. முதல் சீட்டே ஏஸ். பிடி வந்தது சரி. ஆனால் எதிராளியின் ராஜா உயிர் பெற்று உட்கார்ந்துவிட்டது. எங்கள் மேஜையில் இதற்கு 'அட்வான்ஸ் கட்டுவது' என்று பெயர்.

இனி செயலாளர் நண்பரின் கட்சி. புதிதாக வருகிறவனிடம் 'ஏலத்தைக் கேள், கணக்குப் போடு, சொல்லாததையும் கேள்' என்றால் அவன் இரண்டாம் நாளே வர மாட்டான். பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும். விதி பாதிக்கு மேல் சரியாகத்தானே வருகிறது என்கிறார். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. 2020 பெருந்தொற்றுக்குப் பிறகு நமது சங்கத்தில் ஐந்து மேஜை இரண்டு மேஜையாகிவிட்டது. புதியவர்கள் வராவிட்டால் இன்னும் சில வருடங்களில் அந்த இரண்டு மேஜையிலும் துணி மடித்து வைப்பார்கள். ஆகையால் யாரையும் பயமுறுத்தி அனுப்பக்கூடாது என்பதில் எங்களுக்குள் பேதமில்லை.

ஆனால் அந்த விதி அவ்வளவு சரியாக வருகிறதா? டேவிட் பேர்ட், டாஃப் ஆந்தியாஸ் என்ற இருவர் கணினியில் ஆயிரக்கணக்கான கைகளைப் பங்கிட்டு ஆடவைத்துப் பார்த்து, நோ டிரம்ப் ஆட்டத்துக்கு 2011இலும் துருப்பு ஆட்டத்துக்கு 2012இலும் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். மேலே சொன்ன அதே ஏலத்தில், ஒன்றிலிருந்து நேரே மூன்று நோ டிரம்ப் போனபோது, நீளமான டைமனையும் கிளாவரையும்விடக் குட்டையான ஸ்பேடோ ஆட்டினோ பல கைகளில் மேலாக வந்தது. துருப்பு ஆட்டத்தில், தனி ராஜாவின் கீழிருந்தோ ராணியின் கீழிருந்தோ சிறு சீட்டு இறக்குவது நாம் நினைத்ததைவிட நஷ்டம் என்றும் வந்தது. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாகாது: நான் மேலே கேலி செய்த ஏஸ், அவர்கள் கணக்கில் அவ்வளவு கெட்டபிள்ளை அல்ல. என் பழைய நம்பிக்கைக்கு அது ஓர் அடி. ஆனால் ஒன்று, கணினி நான்கு கையையும் திறந்து வைத்துக்கொண்டு ஆடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் அப்படி ஆடுவதில்லை. அதனால் அந்தப் புத்தகங்களையும் இன்னொரு பொன்விதித் தாளாக ஆக்கிவிட வேண்டாம்.

குழந்தைகளால் முடியாது என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. குழந்தைகள் நம்மைவிட நன்றாகக் காது கொடுப்பார்கள். 'ஒரு நோ டிரம்ப், மூன்று நோ டிரம்ப்' என்ற ஏலத்தைக் கொடுத்து, 'மற்ற மூன்று பேரிடமும் எத்தனை புள்ளி இருக்கும்?' என்று கேளுங்கள். நாற்பதில் கழிக்கத் தெரிந்த பிள்ளை சொல்லிவிடும். 'அப்படியானால் பிடி யார் கையில் இருக்கிறது?' என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டு கேள்விதான் கொம்பு. பிடித்துக்கொள்ளட்டும். முதல் நாளிலேயே பொன்விதியைப் பிடித்துக்கொண்டவன் என்னைப் போல அதை இருபது வருடம் விடமாட்டான்.

காது கொடுப்பது என்றதும் ஓர் எச்சரிக்கை. ஜோடியின் முகத்தைப் படிப்பதையும், அவர் தயங்கித் தயங்கிப் பாஸ் சொன்னதிலிருந்து சேதி எடுப்பதையும் நான் சொல்லவில்லை. அதைச் சட்டம் தடுக்கிறது. எதிராளியின் தயக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், தவறாகப் போனால் உங்கள் பாடு. ஜோடியிடமிருந்து ஏலச் சொல் மட்டுமே. வீட்டிலும் இப்படி இருந்தால் தேவலை என்று என் மனைவி சொல்கிறாள். அது தனிக் கட்டுரை.

2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கிய பிரணாப் பர்தனும் சிவநாத் சர்க்காரும் நமது கொல்கத்தா வட்டாரத்துக்காரர்கள். பர்தனுக்கு அப்போது வயது 60. தெருமுனை மன்றங்களிலும், வேலைக்குப் போகும் லோக்கல் ரயில்களிலும் மடிமேல் துண்டை விரித்து ஆடுகிற ஊர் இது. இந்த ஊரில் இருந்துகொண்டு நம் பிள்ளைகளுக்கு விஸ்ட் காலத்து விதியைச் சொல்லிக்கொடுத்தால் பக்கத்து மேஜைக்காரன் சிரிப்பான்.

அண்ணாச்சி விஷயத்தை முடித்துவிடுகிறேன். 1998 பூஜை விடுமுறையில் அவரே என் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். "சாயங்காலம் ஆடுவமா?" என்றார். ஆடினோம். அதன் பிறகு அவர் பாளையங்கோட்டைக்கு மகள் வீட்டோடு போகும்வரை ஆறு வருடம் ஆடினோம். அந்த ஸ்பேட் பத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. 2009இல் அவர் காலமான செய்தி வந்தபோது, பேசியிருக்கலாம் என்று தோன்றியது. இன்றைக்கு முதல் சீட்டு இறக்கும் முறை வந்தால் நானும் சீட்டுகளைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஏலத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறேன். எதிர் ஜோடி முணுமுணுக்கத்தான் செய்கிறது.

செயலாளருக்கு நான் எழுதி அனுப்பிய மாற்று விதி இது: 'முதல் சீட்டு இறக்கும் முன் ஏலத்தை மனத்துக்குள் ஒரு முறை திருப்பிச் சொல். பிடி யார் கையில் இருக்கிறது என்று பார். அந்தக் கைக்கு உதவும் இனத்தை இறக்கு. அது உன் நீண்ட இனமாக இருந்தால், நான்காவது பெரிய சீட்டு.' நாலு வரி ஆகிவிட்டது, தாளில் இடம் போதாது என்கிறார். வேண்டுமானால் பத்தாவது விதியை எடுத்துவிடலாமாம். பத்தாவது விதி, 'ஆட்டம் முடிந்ததும் ஜோடியிடம் கத்தாதே' என்பது. அதை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. ஏழாவதை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அது என்னவென்று இரண்டு முறை மெய்ப்புப் பார்த்த எனக்கே நினைவில்லை.